கறையோடு போன மேசை

அண்ணி ஒரு வீட்டுக்குள் நுழைந்து உட்கார்வதற்குள் அவருடைய வலது கை அந்த வீட்டு மேசைக்கு அடியில் போய்விடும். முகம் வீட்டுக்காரர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாய், "பையனுக்குச் சளி விட்டுடுச்சா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கும். கீழே விரல்கள் மட்டும் பலகையும் காலும் சேரும் மூலையைத் தேடிப் பிடித்து, அங்கே இருப்பது ஆணியா, திருகாணியா, பசையா என்று தடவிப் பார்க்கும். ஆணி என்றால் கை உடனே வெளியே வந்து மடியில் அமர்ந்துவிடும். மரத்தை மரத்துக்குள் இறக்கிச் செய்த நல்ல இணைப்பு என்றால், கொஞ்ச நேரம் கழித்து, காபி குடித்து முடித்த பிறகு, மறுபடியும் ஒருமுறை உள்ளே போய்வரும். அண்ணனின் முதலாளி வீட்டில் ஒருமுறை விரலில் யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம் வந்துவிட்டது. அண்ணி முகம் மாறாமல் அதை அண்ணனின் கைக்குட்டைக்கு மாற்றினார். பேச்சு ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.

இந்தக் கதை நடந்தபோது அண்ணிக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடங்கள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தவர். வட்டமாக வருகிற லென்ஸை ஒவ்வொரு ஃபிரேமின் வடிவத்துக்கும் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. பிறகு லென்ஸ்கள் தொழிற்சாலையிலேயே வெட்டப்பட்டு, பெயர் எழுதிய உறையில் வரத் தொடங்கின. முதலாளி பின்னறையைச் சரக்கறை ஆக்கிவிட்டு அண்ணியை முன்னால் உட்காரவைத்தார். வருகிறவர்களிடம், "இந்த ஃபிரேம் உங்க முகத்துக்கு அப்படியே எடுத்துவச்ச மாதிரி இருக்கு" என்று சொல்ல வேண்டும். அண்ணி, "இது சுமாராத்தான் இருக்கு, அதையும் போட்டுப் பாருங்க" என்று சொன்னார். விலை அதிகமானதைக் கழற்றச் சொல்லி விலை குறைந்ததைக் காட்டினார். மூன்று மாதம் கழித்து, முதலாளி எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அண்ணியே போய் "நான் நின்னுக்கறேன்" என்றார்.

வீட்டில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "உள்ளதைச் சொல்ற வாயைக் கொண்டுபோய் விக்கிற இடத்துல வச்சது அந்த ஆளோட தப்பு."

மரவேலை ஒரு விரிசலிலிருந்து தொடங்கியது. அம்மாவின் நாற்காலிக்கு அருகே மருந்து டப்பாவும் தண்ணீர்ச் சொம்பும் வைக்க ஒரு சின்ன மேசை வாங்கினோம். ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம். அதற்குள் மேற்பலகை நடுவில் பிளந்துவிட்டது. அண்ணன் கடைக்காரரைத் திட்டினான். அண்ணி மேசையைப் பால்கனிக்குத் தூக்கிப்போய்த் துண்டுதுண்டாகக் கழற்றி, காரணத்தோடு திரும்பி வந்தார்.

"பலகையைச் சுத்திப் பசை போட்டுச் சட்டத்தோட ஒட்டிட்டான். மரம் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதுக்கு இடம் வேணாமா? லென்ஸ் மாட்டறப்பவே ஃபிரேம்ல ஒரு மயிரிழை விடுவோம். இல்லாட்டி அது உள்ளேயே தெறிச்சுடும்."

சனி, ஞாயிறுகளில் தொழிற்பள்ளியில் எட்டு மாத வகுப்பு. அதில் அண்ணிதான் வயதில் மூத்தவர், பெண்ணும் அவர் ஒருவர்தான். பிறகு பால்கனியில் ஒரு பழைய கதவைப் போட்டு அதையே வேலைப்பலகை ஆக்கிக்கொண்டார். ஆறு வருடத்தில் முப்பதுக்கும் மேல் பக்க மேசைகள் அங்கிருந்து லிஃப்ட்டில் இறங்கிப் போயின. சோபாவுக்குப் பக்கத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற, முழங்கால் உயர மேசைகள். வேறெதுவும் செய்யமாட்டார். அலமாரி கேட்டு வந்தவர்களிடம், "அதுக்கு வேற ஆள் இருக்காங்க" என்று விலாசம் எழுதிக் கொடுப்பார்.

எல்லாமே இரண்டு மரங்களில். வால்நட் என்கிற கரும்பழுப்பு மரமும், மேப்பிள் என்கிற பால் நிற மரமும். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகத்தான் என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மாவிடம் அண்ணி சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஒரே மரத்துல செஞ்சா கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் மூடி மறைச்சுடலாம் அத்தை. வெள்ளையும் கறுப்பும் பக்கத்துல நின்னா, ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் பல்லைக் காட்டிடும்."

"அப்ப ஏம்மா வலியப் போய் மாட்டிக்கிற?"

"மாட்டமாட்டேன்னு தெரிஞ்சுதானே வைக்கிறேன்."

இப்படித்தான் பேசுவார். தற்பெருமை மாதிரி இருக்காது. பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொல்வார்.

ஆறாவது வருடம் கீழ்வீட்டிலிருந்து புகார் வந்தது. காயப்போட்ட வெள்ளைச் சட்டைகள்மேல் வால்நட் தூள் பழுப்பாக உதிர்ந்திருந்தது. தப்பு எங்கள்மேல்தான். அண்ணனே நேரில் போய்ச் சட்டைகளை வாங்கிவந்து, தன் கடையில் வைத்துச் சுத்தம் செய்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தான். ஆனாலும் குடியிருப்போர் சங்கம், மாதக் கடைசியோடு பால்கனியில் மரவேலை கூடாது என்று லிஃப்ட்டில் தாள் ஒட்டிவிட்டது.

இரண்டு தெரு தள்ளி, பழைய அச்சகம் இருந்த கட்டடத்தில், மரவேலைக்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் பட்டறை ஒன்று இருந்தது. மொத்தம் ஒன்பது பெஞ்சுகள், ஆளுக்கு ஒரு வேலைப்பலகை. நாற்காலி செய்கிற ஒருவர் வெளியூர் போய்விட்டதால் ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் அண்ணி தொடர்ந்து வேலை செய்யலாம். கிடைக்காவிட்டால் உளிகள் கட்டிலுக்கு அடியில் போக வேண்டியதுதான். வேறு பட்டறை எதுவும் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவான தூரத்தில் இல்லை.

பெஞ்ச் வேண்டுமென்றால் அங்கே ஒரு வழக்கம். தான் செய்த பொருள் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது மூன்று வாரம் அவர்களோடு இருக்கும். யாரும் அதைப் பத்திரமாக வைக்கமாட்டார்கள். டீ டம்ளர் வைப்பார்கள், ஏறி நிற்பார்கள், ஒரு வாரம் வெயில் விழும் ஜன்னலோரம், ஒரு வாரம் பசை காய்ச்சும் அடுப்போரம், ஒரு வாரம் குளியலறைக்குப் போகிற ஈரமான நடையில் என்று இடம் மாற்றுவார்கள். பிறகு ஒரு சனிக்கிழமை காலை எட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். சம்மதம் உள்ளவர் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அந்தப் பொருளின் மேல் வைப்பார். ஆறு பென்சில் விழ வேண்டும்.

"பெஞ்ச் எனக்குத்தான் அத்தை" என்றார் அண்ணி, விவரம் கேட்டு வந்த அன்றே.

"சொல்லிட்டாங்களா?"

"அவங்களுக்கு இன்னும் தெரியாது."

ஜோடியாக இரண்டு மேசைகள் செய்தார். ஒன்றில் மிஞ்சுகிற துண்டு மற்றொன்றுக்கு உதவும் என்பது கணக்கு. முதல் மேசைக்கு மேல்பலகை கறுப்பு, கால்கள் வெளுப்பு. இரண்டாவது அதற்கு நேர்மாறு: பால் நிறப் பலகை, கரும்பழுப்புக் கால்கள். அந்த வெளுத்த பலகையில், ஓரத்திலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி, ஒரு சிவப்புக் கோடு ஓடியது. படாக் என்று விற்கிற மரம். செங்கல்லை நனைத்தால் வருகிற சிவப்பு. சுண்டுவிரல் அகலம்தான். ஆனால் அறைக்குள் நுழைகிற எவர் கண்ணும் முதலில் அதில்தான் போய் நின்றது.

சட்டத்தின் முனையை நாக்குபோலச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் இறக்குகிறபோது அண்ணி சுத்தியல் எடுக்கவில்லை. உள்ளங்கையால் தட்டினார். சீசா மூடியைத் திறப்பதுபோல ஒரு சின்ன ஒலி வந்தது. துளைக்குள்ளிருந்த காற்று வெளியேறும் ஒலி. அது வந்தால்தான் பொருத்தம் சரி என்பார். இரண்டாவது மேசையில், காலுக்கு இரண்டாக, எட்டு இணைப்புகளிலும் அந்த ஒலி வந்தது. முதல் மேசையில் ஆறில்தான்.

கடைசி இழைப்புக்கு உப்புத்தாள் கிடையாது. கறுப்பையும் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துத் தேய்த்தால், அடர்ந்த நிறங்களின் தூள் வெள்ளை மரத்தின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்து அதை அழுக்காக்கிவிடும். சீட்டுக்கட்டு அளவில் ஒரு மெல்லிய எஃகுத் தகட்டைக் கட்டைவிரல்களால் வளைத்துப் பிடித்து, சீவிச் சீவி எடுத்தார். உதிர்ந்த தூளை சைக்கிள் பம்பால் ஊதித் தள்ளினார். எல்லாம் முடிந்து எண்ணெய் பூசும் வரைக்கும் ஒரே ஒரு கட்டளை.

"யாரும் துடைக்கிறேன்னு வராதீங்க. தண்ணி படக் கூடாது."

இங்கே அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் டிரைகிளீனிங் கடையில் கறை எடுக்கிறவன். துவைப்பதற்கும் இஸ்திரிக்கும் அங்கே வேறு ஆட்கள் உண்டு. மை, மெழுகு, துரு, உதட்டுச்சாயம், எந்தக் காலத்தில் எதனால் வந்தது என்றே தெரியாத பழைய கறைகள் எல்லாம் அவன் மேசைக்கு வரும். ஒரு கறையைப் பார்த்துவிட்டால் அவனால் வேறு எதையும் யோசிக்க முடியாது. கல்யாண வீட்டில் எதிரில் நிற்பவரின் காலரைப் பார்த்துக்கொண்டே பேசுவான்.

வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை. மேசையைப் பட்டறையில் கொடுக்க வேண்டிய நாள் சனிக்கிழமை. அண்ணி எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். முன்னறையில், விரித்த செய்தித்தாள்மேல், இரண்டு மேசைகளும் நின்றன. ஜன்னல் வெளிச்சம் இரண்டாவது மேசைமேல் சாய்ந்து விழுந்தபோது, சிவப்புக் கோட்டை ஒட்டி, வெள்ளைப் பலகையில், பென்சில் நிழல்போல ஒரு மெல்லிய சிவப்புத் தூள் தெரிந்தது. பம்புக்குத் தப்பியது. அதை நான் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான்.

அலமாரியிலிருந்து அவனுடைய பெட்டி வந்தது. பஞ்சு, மெல்லிய தூரிகை, சின்னச் சின்னப் பாட்டில்கள்.

"அண்ணி தொடக் கூடாதுன்னாங்களே" என்றேன்.

"தண்ணிதானே படக் கூடாதுன்னா. இது ஸ்பிரிட். ஊதினா பறந்துடும். எங்க கடையே தண்ணி இல்லாமதான்டா ஓடுது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவன் தன் தொழில்முறைப்படி, கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக, பஞ்சால் ஒற்றத் தொடங்கினான். பஞ்சு சிவந்தது. "பாத்தியா, வருது" என்றான். அடுத்த பஞ்சு. அதுவும் சிவந்தது. மூன்றாவது பஞ்சு முதல் இரண்டைவிட அதிகமாகச் சிவந்தது. அவன் வாழ்க்கையில் பார்த்த கறைகள் எல்லாம் எடுக்க எடுக்கக் குறைந்தவை. இது வளர்ந்தது. நனைந்த வெள்ளை மரத்தில், பீட்ரூட் வெட்டிய பலகைபோல, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இளஞ்சிவப்பு பரவியது. அவன் இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினான்.

நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா சொன்னார். "அது கறை இல்லடா. மரம்."

அண்ணனின் கை அப்படியே நின்றது. அந்தச் சிவப்பு மரத்தின் சாயம் தண்ணீருக்கு அசையாது, ஸ்பிரிட்டுக்கு ஓடிவரும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அண்ணி திரும்பி வந்தபோது நாங்கள் மூவரும் மேசையைச் சுற்றித் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றிருந்தோம். எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்தார். குனிந்து, பலகையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய், லென்ஸ் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முகர்ந்தார்.

"ஸ்பிரிட்டா?"

"தண்ணி தொடலை" என்றான் அண்ணன். "நீ தண்ணிதான் வேணாம்னு சொன்ன."

அண்ணி கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கவா, வேறு எதையாவது அடக்கவா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் நகத்தால் கறையின் குறுக்கே மெதுவாக ஒருமுறை கீறிப் பார்த்தார். நகத்தின் நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகுமா?" என்றான் அண்ணன்.

"போகாது."

"அந்தத் தகட்டால சொரண்டினா?"

"போகாதுங்க. வாங்க, சாப்பிடலாம்."

அண்ணன் சாப்பிடவில்லை. அன்று படுப்பதற்குள் பதினொரு முறை மன்னிப்புக் கேட்டான். எண்ணியவர் அம்மா. பல் தேய்க்கும்போது நுரையோடு ஒருமுறை, லிஃப்ட் கதவு மூடும் கடைசி நொடியில் ஒருமுறை. மறுநாள் கடையிலிருந்து அதற்காகவே போன் செய்தான். "ஒருத்தர் கோட்டுல மை கொட்டிக்கிட்டு வந்திருக்கார், அதைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துச்சு" என்று தொடங்கியிருக்கிறான். "மையைக் கவனிங்க" என்று அண்ணி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது. எங்களுக்கு அதில் பேசவே ஒன்றும் இல்லை என்றுதான் பட்டது. முதல் மேசை மாசுமருவில்லாமல் நிற்கிறது. அதைக் கொண்டுபோக வேண்டியதுதான்.

"ரெண்டாவதுதான் போகுது" என்றார் அண்ணி.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "கறையோடயா? எட்டுப் பேர் முன்னாடியா? என்னைப் பழிவாங்கறதுன்னா வேற எதாவது பண்ணு."

"பழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. முதல் மேசையில கை பழகிச்சு. ரெண்டாவதுலதான் வேலை நடந்துச்சு. எட்டு இணைப்பும் பிடிச்சது அதுலதான்."

"அது உள்ளே இருக்கு. வெளியே தெரியறது என் கறைதானே."

"மூணு வாரம் இருக்கே. உள்ளே பார்க்கத் தெரியாதவங்களோட நான் எதுக்கு வேலை செய்யணும்?"

அம்மா அண்ணனின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். "அவ முடிவு பண்ணிட்டா. நீ மன்னிப்பை நிறுத்திட்டுச் சாப்பிடு."

அன்றே எண்ணெய் பூசினார். எண்ணெய் பட்டதும் வால்நட் கறுத்தது, மேப்பிள் வெண்ணெய் நிறம் கொண்டது, கறையும் தன் பங்குக்கு இன்னும் நன்றாக எழுந்து வந்தது. அண்ணன் அறையை விட்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை நானும் அண்ணனும் மேசையைத் தூக்கிப்போனோம். பட்டறையில் எங்களை வரவேற்றவர் கடைசல் வேலை செய்கிற ஒல்லியான மனிதர். எப்போதும் சுழலும் எந்திரத்தின் முன்னால் நிற்பதால் அங்கே அவருக்குப் பெயர் பம்பரம். மேசையைத் தரையில் வைத்த அடுத்த நொடியே கையிலிருந்த டீ டம்ளரை அதன்மேல் வைத்தார். சரியாகக் கறையின் நடுவில்.

"இது என்னம்மா சிவப்பு?"

"கறை" என்றார் அண்ணி.

"என்ன கறை?"

"மூணு வாரம் கழிச்சுக் கேளுங்க, சொல்றேன்."

பம்பரம் புருவத்தை உயர்த்தினார். அவருடைய பென்சில் காதோடு சேர்ந்து உயர்ந்து இறங்கியது.

மாதக் கடைசியில் பால்கனி காலியாயிற்று. கதவுப் பலகையைக் கழற்றி வாசலில் வைத்தோம். உளிகள் துணியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போயின. அண்ணன் தினமும் காலையில் கடைக்குப் போகிற வழியில் பட்டறையின் கண்ணாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, சாயந்தரம் வந்து செய்தி வாசிப்பான்.

"இன்னிக்கு ஒருத்தர் மேல ஏறி நின்னு பல்பு மாத்தறார்."

"செருப்போடயா?" என்றார் அம்மா.

"செருப்போட. நம்ம மேசை ஆடலை."

இன்னொரு நாள், "இன்னிக்குக் குளியலறை நடைக்கு மாத்திட்டாங்க. ஒரே ஈரம்."

அண்ணி சமையலறையில் உளிகளை வெளியே எடுத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். வேலை இல்லாத உளியை எதற்குத் தீட்டுகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "திங்கக்கிழமை போனதும் தேடிட்டு நிக்கக் கூடாதுல்ல" என்றார். மூன்றாவது வாரம் விடாமல் மழை பெய்தது. அந்த வாரம் மட்டும், வீட்டில் இருந்த முதல் மேசையிடம் அவர் ஒரே நாளில் மூன்று முறை போனதைப் பார்த்தேன். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு தாளை விட்டுப் பார்த்தார். தாள் தடையில்லாமல் போய் வந்தது. பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். கையில் புத்தகத்தோடு நான் நிற்பதைப் பார்த்ததும், "என்ன தம்பி, புக்கு முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

முடிவு சொல்லும் சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. அண்ணி உள்ளே போனார். நானும் அண்ணனும் தெருவில், கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். எல்லாம் தெரிந்தது. ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. அண்ணன் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"நீ பாத்துச் சொல்லு" என்றான்.

மேசை நடுவில் இருந்தது. அண்ணி ஒரு முக்காலியில், கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள், விரலால் தட்டினார்கள், இரண்டு கால்களைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா, அவர்தான் பட்டறையின் செயலாளர், டார்ச் விளக்கை இணைப்புக்குள் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தன் பென்சிலை மேசைமேல் வைத்தார்.

"ஒண்ணு" என்றேன்.

"யாரு?"

"செயலாளர். இப்ப ரெண்டு. மூணு."

"கறையைப் பத்திக் கேக்கறாங்களா?"

"இல்ல. நாலு. அஞ்சு."

ஐந்தோடு நின்றது. பம்பரம் பென்சிலைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்து, அதன் முனையால் கறையைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். நீளமான கேள்வி. மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். செயலாளர் அம்மா கையை நீட்டி, வைத்த பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"என்னடா சத்தமே இல்ல?"

"நாலு" என்றேன்.

"அஞ்சுன்னு சொன்ன?"

"ஒருத்தர் எடுத்துட்டார்."

அண்ணன் தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி பேசத் தொடங்கினார். கை மடியை விட்டு அசையவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். நடுவில் ஒருமுறை மட்டும், முகத்தைத் திருப்பாமல், கட்டைவிரலால் தெருப்பக்கம் காட்டினார். எட்டுத் தலைகளும் ஒரே நேரத்தில் கண்ணாடியை நோக்கித் திரும்பின. அவர்கள் பார்த்தது, கல்லில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனிதனின் முதுகை. பிறகு பம்பரத்தின் தோள்கள் குலுங்கின. செயலாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பென்சில்கள் விழ ஆரம்பித்தன. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டே நின்றார். அந்த பெஞ்சைத் தன் மச்சானுக்குக் கேட்டிருந்தவராம்.

"ஏழு" என்றேன்.

அண்ணன் நம்பாமல் எழுந்து வந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டி, தானே விரல்விட்டு எண்ணினான்.

அண்ணி சாவியோடு வெளியே வந்தார். மூன்றாவது ஜன்னலோர பெஞ்ச் என்றார்.

"கறையைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். வாங்க, பசிக்குது."

அன்றோடு அண்ணனின் மன்னிப்புகள் நின்றுபோயின. அடுத்த வாரம் மேசை வீட்டுக்குத் திரும்பி வந்தது. அண்ணன் அதை சோபாவுக்குப் பக்கத்தில், கறை இருக்கும் பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்தான். வருகிறவர்கள் அமர்வதற்கு முன்பே கதை தொடங்கிவிடும். முதலில், "என் தப்பு, ஆனாலும் அவ ஜெயிச்சுட்டா" என்று இருந்தது. ஆறு மாதத்தில், "அந்தக் கறையைப் பார்த்துத்தான் அவங்களே அசந்துபோனாங்க" என்று ஆயிற்று. கடையில் வேலை செய்யும் பெண்களுக்கு, வாடிக்கையாளர்களுக்கு, கீழ்வீட்டுச் சட்டைக்காரருக்கு, எல்லோருக்கும் தெரியும். "இது இல்லாட்டி அது எல்லா மேசை மாதிரியும் ஒரு மேசை" என்று அவன் சொல்லும்போது, அண்ணி குறுக்கே பேசாமல் காபி கொண்டுவந்து சரியாக அந்தக் கறைமேலேயே வைப்பார்.

பட்டறையில் அண்ணி இப்போது மாதத்துக்கு இரண்டு மேசை முடிக்கிறார். படாக் கோடு போட்டுத்தான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்று ஒவ்வொரு மேசையின் அடியிலும் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறார். அதன் வாசகத்தை எழுதிக் கொடுத்தது அண்ணன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மதியம், அண்ணி மறந்துவைத்த கைப்பையை எடுத்துவரப் பட்டறைக்குப் போனேன். பம்பரம் மட்டும் இருந்தார். உங்க அண்ணன் எப்படி இருக்கார், இன்னும் அந்தக் கதையைச் சொல்லிட்டு இருக்காரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எந்திரத்தை நிறுத்தினார்.

"அது எடுக்க முடியாத கறைன்னு நீங்க எல்லாரும் நெனச்சீங்களா?" என்றார். "மேலோட ஒரு தாள் கனம்தான் இறங்கியிருந்துச்சு. தகட்டைப் பிடிச்சா அரை மணி நேரம். இதுகூடத் தெரியாதவளுக்கு எதுக்கு பெஞ்ச், தெரிஞ்சும் விட்டிருந்தா அது திமிருன்னுதான் செயலாளரம்மா பென்சிலைத் திரும்ப எடுத்தாங்க. அப்ப உங்க அண்ணி சொன்னாங்க. 'அரை மணி நேர வேலைதான், எனக்குத் தெரியும். எடுத்துட்டா இவர் சாகிற வரைக்கும் என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டே இருப்பார். இதோட ஜெயிச்சா ஊரெல்லாம் பெருமை பேசிட்டுத் திரிவார். எனக்கு ரெண்டாவது தொல்லை பரவாயில்ல. கறைக்காக வேண்டாம்னா சொல்லுங்க, வேற மேசை செஞ்சுக்கிட்டு அடுத்த வருஷம் வர்றேன். வேற புருஷனைச் செய்ய என்னால முடியாது.'"